நான்காம் சுற்று

அவர் போர்டை முதலில் பார்க்கவில்லை, முகர்ந்தார். மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை, புரட்டிப் பிடித்து இன்னொரு தடவை. அதன் பிறகே நெற்றியில் ஏற்றி வைத்திருந்த லென்ஸைக் கண்ணுக்கு இறக்கினார்.

"ரெகுலேட்டர் போயிருக்கு. அது போனா சிப்பையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும். எத்தனாவது போர்டும்மா இது?"

"ரெண்டாவதுண்ணா."

"மொதல் போர்டும் இப்படியேவா?"

"இப்படியேதான். நல்லா ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுடுச்சு. நான்தான் எங்கயோ தப்பா கனெக்ஷன் குடுத்திருக்கேன்."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் இறங்கியது. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. செத்த போர்டை ஒதுக்கிவிட்டு, "பவர் எதுலேர்ந்து குடுத்தே? அதக் காட்டு" என்று கை நீட்டினார்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை அது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தெருப்பெயர் ரிச்சி, நரசிங்கபுரம் என்று மாறிக்கொண்டு போகும். ஊருக்கு எல்லாம் சேர்ந்து ரிச்சி ஸ்ட்ரீட்தான். கடைக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். இன்னொருவன் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். பின்சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு எல்.இ.டி. டிவியின் உள்ளேயிருந்து விளக்குப் பட்டைகளை உரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வேண்டிய டிரான்ஸ்பார்மர் கிடங்கிலிருந்து வர வேண்டியிருந்தது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். அங்கே பேச எனக்கு ஒன்றுமில்லை. பார்க்க நிறைய இருந்தது.

பையிலிருந்து அவள் எடுத்தது ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். மூடியின் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. உள்ளே ஒற்றை லித்தியம் செல், அதன் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய ஒரு மாட்யூல், சுவரில் துளை போட்டு வெளியே விட்ட உலோக முனை சென்சார். ஒயர்களை நிறம் பிரித்து, ஒவ்வொரு இணைப்பிலும் குழாய் உறை மாட்டிச் சூடு காட்டிச் சுருக்கியிருந்தாள். கவனமான கை. அவரும் அதைப் பார்த்தார். புருவம் ஒரு நூல் ஏறியது.

"காலேஜ் புராஜெக்ட்டா?"

"புராஜெக்ட்தான். ஆனா அப்பாவுக்காகத்தான் செஞ்சேன். விடியக்காலையில காசிமேடு போய் மீன் எடுத்துட்டு, ஐஸ் பொட்டிய டிவிஎஸ்ஸுல கட்டிக்கிட்டு தெருத் தெருவா விப்பாரு. மத்தியானம் ஆனா ஐஸ் எப்ப தீந்துச்சுன்னே தெரியாது, மீனு கெட்டுப்போகுது. உள்ள எவ்ளோ டெம்பரேச்சர்னு போன்ல வந்தா, எப்ப ஐஸ் வாங்கணும்னு தெரியும்ல."

"வண்டியிலயே வெச்சு ஓட்டிப் பாத்தியா?"

"ரெண்டு தடவையும் வண்டியிலதான் போச்சு."

"ம்" என்றார். அந்த 'ம்'மிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சின்ன மாட்யூலை இந்தத் தெருவில் கடைக்குக் கடை கூடையில் கொட்டி வைத்திருப்பார்கள். எம்டி 3608 என்ற ஐ.சி.யை நடுவில் வைத்த பூஸ்ட் கன்வெர்ட்டர். 2 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்றிக் கொடுக்கும், உச்சம் 28. வேலை செய்யும் விதம் எளிது. ஐ.சி. தன் சுவிட்சை மூடும்போது காயிலில் கரண்ட் ஏறும். திறக்கும்போது காயில் அந்தக் கரண்ட்டை விட மறுத்து, டயோடைத் தள்ளிக்கொண்டு அவுட்புட் கெப்பாசிட்டரில் கொட்டும். நொடிக்கு 12 லட்சம் தடவை இது நடக்கிறது. எவ்வளவு கொட்டினால் போதும் என்பது காயிலுக்குத் தெரியாது. எதிரே எவ்வளவு உயரமான வோல்ட்டேஜ் நின்றாலும் அதைத் தாண்டிக் கொட்டுவதற்கு வேண்டிய அளவுக்கு அது தானே எழும்பும். அவள் அப்பாவின் வண்டியில் பிளக்குக்குப் பொறி தருவதும் ஒரு காயில்தான். ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு அது எழும்புவதை அங்கே நிறுத்துவது பிளக்கின் முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி. பொறி பாய்ந்ததும் எழும்பல் நின்றுவிடும். இந்த மாட்யூலில் அப்படிப்பட்ட இடைவெளி எதுவும் கிடையாது. ஃபீட்பேக் என்ற ஒற்றைக் கால் மட்டும் இருக்கிறது. அவுட்புட்டை இரண்டு ரெசிஸ்டர்களால் பங்கிட்டு, அந்தப் பங்கை ஐ.சி.க்குக் காட்டுகிறார்கள். பங்கு 0.6 வோல்ட்டை எட்டினால் ஐ.சி. கையைக் குறைக்கும். எட்டாத வரை கொட்டிக்கொண்டே இருக்கும்.

அவர் மேஜையிலிருந்த சப்ளையில் 3.7 வோல்ட் வைத்தார். கரண்ட் திருகைக் கிட்டத்தட்ட முழுவதும் பின்னால் இழுத்து, 0.3 ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டினார். அவளுடைய மாட்யூலை அதில் மாட்டி, அவுட்புட்டில் மீட்டரைப் பிடித்தார். 5.02.

"சரியாத்தானே வெச்சிருக்கே."

"அப்பவும் இதேதாண்ணா காட்டிச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி செக் பண்ணேன்."

மாட்யூலின் மேலிருந்த நீலப் பெட்டிக்குப் பெயர் பிரீசெட். அதன் பித்தளைத் திருகின் மேல் இளஞ்சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது. அவர் அதை நகத்தால் தொட்டார்.

"நெயில் பாலிஷா?"

"வீடியோல சொன்னாங்க. ஸ்க்ரூ திரும்பாம இருக்குமாம்."

"ஸ்க்ரூ திரும்பலம்மா. பாரு."

ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் பிரீசெட்டின் தலையில் லேசாகத் தட்டினார். 5.02. இன்னொரு தட்டு. 5.02. அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தட்டில் மீட்டர் 27.4 என்று காட்டி, அங்கிருந்து படிப்படியாக இறங்கி மறுபடி 5.02-இல் வந்து நின்றது.

அவள் திறந்த வாயை மூடவில்லை.

"இன்னொரு தடவ தட்டுங்கண்ணா."

தட்டினார். இந்தத் தடவை முதல் தட்டிலேயே 26-ஐத் தாண்டியது.

மீட்டர் காட்டிய இறக்கத்தில் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. லோடு இல்லாதபோது கெப்பாசிட்டரில் ஏறியது வடிவதற்கு அந்த இரண்டு ரெசிஸ்டர்கள் மட்டுமே வழி. அதனால் முக்கால் நொடி பிடிக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஏறியது தெரியவில்லை. 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 28 வோல்ட்டுக்கு நிரப்ப 9 மில்லி ஜூல்கூட வேண்டாம். இந்தக் காயிலுக்கு அது சில மில்லி செகண்டு வேலை. வண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும் நேரத்தில், பிரீசெட்டுக்குள் இருக்கும் ஊசி ஒரு கணம் தூக்கிக்கொண்டால் போதும். அவள் போர்டிலுள்ள ரெகுலேட்டர் அதிகபட்சம் 15 வோல்ட் தாங்கும் ரகம். அது உடைந்து ஷார்ட் ஆனால், 3.6 வோல்ட்டுக்கு மேல் பார்க்கக் கூடாத இ.எஸ்.பி. 32 சிப்பின் மேல் அத்தனையும் வந்து விழும். ஊசி மறுபடி உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு வந்து மீட்டரைப் பிடித்தால் 5.02. பொறுப்பான பிள்ளை தன்னைத்தான் சந்தேகப்படும்.

"அப்ப நான் தப்பா குடுக்கல" என்றாள் அவள். கேள்வியா பதிலா என்று சொல்ல முடியாத குரல்.

"நீ சரியாத்தான் குடுத்திருக்கே. உப்புக் காத்து, ஐஸ் தண்ணி, வண்டி குலுக்கல். இந்தப் பிரீசெட்டு மூணையும் தாங்காது. அது மட்டும் இல்ல, அது உக்காந்திருக்கிற எடமே சரியில்ல."

பழைய பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு வரைந்தார். மேலே அவுட்புட், கீழே கிரவுண்டு, நடுவில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ரெசிஸ்டர். இரண்டும் சேருமிடத்தில் ஒரு கோடு பக்கவாட்டில் ஐ.சி.க்குப் போயிற்று. மேலிருந்ததன் குறுக்கே ஒரு அம்பு போட்டு, "இது 100 கே பிரீசெட்டு" என்றார். கீழே 2.2 கே என்று எழுதினார்.

"வீட்டுல மாடி டேங்க்ல பந்து வால்வு இருக்குல்ல? தண்ணி ஏறினா பந்து ஏறும், குழாய மூடும். பந்து கழண்டு கீழ விழுந்துட்டா?"

"மூடாது. வழியும்."

"தண்ணி கம்மியா இருக்குன்னு நெனச்சு ஊத்திக்கிட்டே இருக்கும். இதுவும் அவ்ளோதான். மேல இருக்கிறது அறுந்தா ஐ.சி.க்கு ஒண்ணும் தெரியாது. சைபர்னு நெனைக்கும். ஊத்தும்."

நானும் மனதுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பிரீசெட் 25 சுற்று ரகம். 100 கிலோ ஓமை 25-ஆல் வகுத்தால் சுற்றுக்கு 4. கீழே 2.2 நிற்கும்போது ஒரு சுற்று திருப்பினால் அவுட்புட் ஏறக்குறைய 1.1 வோல்ட் நகரும். முதல் இரண்டரைச் சுற்றில் ஒன்றும் நடக்காது, செல்லின் வோல்ட்டேஜே வெளியே தெரியும். நான்காம் சுற்று முடியுமிடத்தில் 5 வோல்ட். அதற்கு மேல் இருக்கும் 21 சுற்றும் இந்தப் பெண்ணுக்குத் தேவையே இல்லாதவை. ஒவ்வொன்றும் அவள் போர்டைக் கொல்லக்கூடியது அல்லது கொல்வதற்கு ஒரு படி அருகில் கொண்டுபோவது. 9 வேண்டியவருக்கும் 12 வேண்டியவருக்கும் 24 வேண்டியவருக்கும் ஒரே பொருளை விற்க அந்த 21 சுற்று உதவுகிறது. விலை குறைகிறது, கடையில் ஒரே கூடை போதுமாகிறது. அது நியாயம்தான். ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். கூடையின் மேல் விலை மட்டும்தான் எழுதியிருக்கிறது.

ஊசி தூக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதிலும் இரண்டு வகை உண்டு. பிரீசெட்டின் மூன்று கால்களில் நடுக்காலை ஓரக்காலோடு சேர்த்துப் போர்டில் இணைத்திருந்தால், மேல் ரெசிஸ்டர் முழு 100 கிலோ ஓமாகத் தெரியும். அவுட்புட் 28-இல் போய் முட்டி நிற்கும். சேர்க்காமல் விட்டிருந்தால் மேல் பாதையே இல்லை. அப்போது ஐ.சி.யின் சுவிட்சோ டயோடோ கெப்பாசிட்டரோ எது முதலில் உடைகிறதோ அதுதான் எல்லை.

அவர் சால்டரிங் அயர்னை ஸ்பாஞ்சில் துடைத்தார். நீலப் பெட்டியின் கால்களில் புது ஈயத்தை வைத்து இளக்கி, ஒரே இழுப்பில் பெட்டியைத் தூக்கி, மேஜையோரம் இருந்த டப்பாவில் போட்டார். டப்பாவில் அதே நீலப் பெட்டிகள் முக்கால் அளவுக்குக் கிடந்தன.

"தம்பி, பதினாறு கே, ஒன் பர்சென்ட்."

பையன் திரும்பாமலே இழுப்பறையைத் திறந்து ஒன்றை நீட்டினான். பழுப்பு, நீலம், கறுப்பு, சிவப்பு, பழுப்பு. அவள் கோடுகளை வாய்க்குள் படித்துச் சரிபார்த்துக்கொண்டாள். அதைப் பிரீசெட் இருந்த இடத்தில் வைத்து ஈயம் பிடித்து, கால்களை வெட்டி, மறுபடி சப்ளையில் மாட்டினார். 4.96.

"அஞ்சு வரலியே?"

"வேணுமா? ரெகுலேட்டருக்கு இதுவே போதும். திருப்ப முடியாது பாத்தியா. அதான் விஷயம்."

அயர்ன் முனையால் 2.2 கே ரெசிஸ்டரின் ஒரு பக்கத்தைத் தொட்டு, நிமிர்த்திவிட்டார். மிளகில் பாதி அளவுகூட இல்லாத அதை அவர் கை நடுங்காமல் நிமிர்த்தியதை நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். மீட்டர் இறங்கி 3.46-இல் நின்றது.

"கீழ இருக்கிறது அறுந்தா எறங்குது. ஐ.சி. ரொம்ப இருக்குன்னு நெனச்சு சுவிட்ச நிறுத்திடுச்சு. போர்டு அணையும். சாகாது. வோல்ட்டேஜ ஏத்தி எறக்க வேண்டியவங்களுக்கு நான் பிரீசெட்டக் கீழதான் போடுவேன். அதுக்குத் தொடர்ச்சியா ஒரு ரெசிஸ்டர். பிரீசெட்டு சைபருக்குப் போனாலும் அந்த ரெசிஸ்டர் சொல்ற வோல்ட்டேஜுக்கு மேல போகாது."

"ஆனா சைபர் வரலியேண்ணா. மூணரை இருக்கே."

"வராது. செல்லுலேர்ந்து காயில், காயில்லேர்ந்து டயோடு, டயோடுலேர்ந்து வெளிய. அந்தப் பாத எப்பவும் தொறந்தேதான் இருக்கும். ஐ.சி. அத மூட முடியாது."

அவள் பில்லின் மேல் அந்தப் பாதையை விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

2.2-ஐ மறுபடி உட்கார வைத்தார். 4.96. டிபன் பாக்ஸை எடுத்து நீட்டப் போனவர், அவள் கையை நீட்டாததைக் கண்டு நிறுத்தினார். அவள் பில்லில் மேலிருந்த ரெசிஸ்டரைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பதினாறு கே-யோட ஈயம் குலுக்கல்ல விட்டுடுச்சுன்னா? மறுபடி அதேதானே?"

அவர் லென்ஸை நெற்றிக்கு ஏற்றினார். வாடிக்கையாளரைப் பார்த்த கண் மாறி, சக தொழிலாளியைப் பார்க்கிற கண் வந்தது. அயர்னை மறுபடி தாங்கியிலிருந்து எடுத்தார்.

"அதேதான். டேங்குக்கு மேல ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் வெப்பாங்கல்ல, அது வேணும். ஜீனர் தெரியுமா?"

"படிச்சிருக்கேன். 5.1 போடலாமா? அவுட்புட் அஞ்சுதானே."

"போட்டுப் பாரு" என்று இழுப்பறையைக் காட்டினார்.

அவளே 5.1 வோல்ட் ஜீனரை எடுத்தாள். கோடு போட்ட பக்கம் அவுட்புட்டுக்கும் மறுபக்கம் ஃபீட்பேக்குக்கும் வருமாறு 16 கே ரெசிஸ்டரின் முதுகில் வைத்துப் பிடித்தாள். அவர் ஈயம் வைத்தார். மீட்டர் 4.96-இலிருந்து நழுவி 4.7 சொச்சத்தில் நின்றது.

"இப்பவே கசியுது" என்றார். "சின்ன வோல்ட்டேஜ் ஜீனரெல்லாம் இப்படித்தான். அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு எழுதியிருப்பான். நாலு தாண்டினதுமே கொஞ்சம் கொஞ்சமா விட ஆரம்பிக்கும். ஆறுக்கு மேல போனாத்தான் விட்டா விடும், விடலன்னா விடாது. 6.2 எடு."

பாடப்புத்தகத்தில் ஜீனரின் கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழும். எல்லா ஜீனருக்கும் அதே படம். இந்த மேஜையில் இரண்டு ஜீனர்களுக்கு நடுவே இருக்கும் வேறுபாட்டை அவள் மீட்டரில் பார்த்தாள். ஒருவர் வாயால் கேட்பதைவிட இப்படித் தானே தவறான ஒன்றை மாட்டி, அது தவறுவதைப் பார்ப்பது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் 'போட்டுப் பாரு' என்று சொல்லியிருக்க மாட்டார்.

6.2 உட்கார்ந்தது. மீட்டரில் 4.96, அசைவில்லை. இப்போது அவர் 16 கே-யின் ஒரு காலைச் சூடாக்கித் தூக்கினார். சற்று முன் 27-க்குத் தாவிய அதே மீட்டர் 6.6-க்குப் போய் அங்கேயே நின்றது. ஐந்து நொடி, பத்து நொடி. நின்றது. மேல் ரெசிஸ்டர் இல்லாதபோது ஜீனரே மேல் ரெசிஸ்டராகிவிட்டது, 6.2-க்கு அருகில் அது கடத்தத் தொடங்கி, 0.6 வோல்ட்டை ஃபீட்பேக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கூட்டினால் 6.8. ஜீனரில் ஓடும் கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே நின்றது. ரெகுலேட்டர் 6.6-ஐச் சிரமமின்றிச் சாப்பிடும்.

அவள் சிரித்தாள். கடைக்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பின்னாலிருந்த பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "ணா, இந்த டிவி ஸ்ட்ரிப்பு ஒண்ணு ஓப்பன். அதான் லைட்டு வந்து வந்து அணைஞ்சிருக்கு."

"ஓவிபி அடிச்சிருக்கு. அது நல்ல செட்டு" என்றார் அவர், திரும்பாமல்.

அதுவும் இதே கதைதான். எல்.இ.டி. டிவியின் திரைக்குப் பின்னாலும் ஒரு பூஸ்ட் சுற்று இருக்கிறது. வரிசையாகக் கோத்த விளக்குகளுக்கு வேண்டிய உயர்ந்த வோல்ட்டேஜை அது உண்டாக்குகிறது. வரிசையில் ஒரு விளக்கு அறுந்தால் கரண்ட் நின்றுவிடும். கரண்ட் இல்லையே என்று சுற்று வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். ஏறுவதைத் தனியாகக் கவனிக்கும் இரண்டாவது கண் ஒன்று உள்ளே இருந்தால், ஓர் எல்லையில் முழுவதையும் அணைத்துவிடும். அவர் சொன்ன ஓவிபி அதுதான். வீட்டுக்காரர் வந்து சொல்வது, "சவுண்டு வருது, படம் வரல." கோபமாகச் சொல்வார்கள். உண்மையில் அந்த டிவி தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கண் வேண்டும் என்பது புதிய ஞானமும் இல்லை. படக்குழாய் டிவியும் படியேற்றும் சுற்றில்தான் ஓடியது. கலர் செட்டில் குழாயின் முகப்புக்கு 25,000 வோல்ட் அளவில் போகும். அது எல்லை மீறினால் படம் சுருங்குவதோடு முடியாது, எக்ஸ் கதிர் வெளியே வரும். 1967-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் விற்ற பெரிய திரைக் கலர் டிவிகள் பலவற்றிலிருந்து அளவுக்கு மீறிய கதிர் வந்தது வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டே மின்னணுச் சாதனக் கதிர்வீச்சுக்குத் தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்த செட்டுகளில், உயர் வோல்ட்டேஜ் வரம்பைத் தாண்டினால் தானே நின்றுவிடும் சுற்று வழக்கமாயிற்று. சென்னையிலேயே செய்த டயனோரா, சாலிடேர் டிவிகளின் பெயர்ப்பலகைகள் இரண்டு அந்தக் கடையின் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தன. அவர் எங்கே தொழில் கற்றார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

"இப்ப ஒண்ணு சொல்றேன்" என்றார். "கீழ இருக்கிற இந்தச் சின்ன ரெசிஸ்டர் அறுந்தா பரவால்ல, பாத்தோம். அதுக்குக் குறுக்க ஒரு சொட்டு உப்புத் தண்ணி நின்னு ஷார்ட் ஆச்சுன்னா?"

அவள் யோசித்தாள். பில்லில் கீழ் ரெசிஸ்டரின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"ஃபீட்பேக்கு கிரவுண்டுக்குப் போயிடும். ஜீனர் என்ன கொண்டுவந்தாலும் ஐ.சி.க்குத் தெரியாது."

"அதான். குழாய் இருக்கு, அடைச்சுக்கிச்சு."

தனி டப்பாவிலிருந்து ஒரு தடித்த கறுப்பு டயோடை எடுத்து வைத்தார். டிவிஎஸ் டயோடு. வண்டியின் பெயரும் அதுவே என்பதில் அவளுக்கு ஒரு மகிழ்ச்சி. அவுட்புட்டின் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நேர் குறுக்கே போட வேண்டியது. எண் பி6கேஇ 6.8ஏ, 5 வோல்ட்டில் அது இருப்பதே தெரியாது, 7 வோல்ட் வாக்கில் கடத்தத் தொடங்கும்.

"இது ஐ.சி.கிட்ட எதுவும் சொல்லாது. நேரா தானே குடிக்கும். ஆனா ரொம்ப நேரம் குடிக்க முடியாது, சூடாகிச் செத்துடும். செத்தா பெரும்பாலும் ஷார்ட்டாத்தான் சாகும். அதுவும் நமக்கு நல்லதுதான், போர்டுக்கு வோல்ட்டேஜ் போகாது."

பிறகு மாட்யூலின் இரண்டு முகத்திலும் பூசுவதற்கு வார்னிஷ் குப்பியைக் காட்டி, வேலையெல்லாம் முடிந்து, ஸ்பிரிட்டில் பேஸ்ட்டைக் கழுவி, காய்ந்த பிறகுதான் பூச வேண்டும் என்றார். அதைச் சுருக்கமாகத்தான் சொன்னார். உப்பைப் பற்றி மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர், கூடையிலிருந்து இன்னொரு புது மாட்யூலை எடுத்து அவள் முன் வைத்தார். அயர்னையும் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஸ்பேர் ஒண்ணு வேணும்ல. இத நீ பண்ணு."

அவள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நீலப் பெட்டியைக் கழற்ற அவளுக்கு இரண்டு முறை சூடு காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது காலில் தகடு கொஞ்சம் தூக்கியது. அவர் எதுவும் சொல்லாமல் பொறுத்திருந்தார், அவளே அதை அழுத்தி ஈயம் விட்டு உட்கார வைத்தாள். 16 கே, 6.2 ஜீனர், குறுக்கே கறுப்பு டயோடு. சப்ளையின் கரண்ட் திருகு கட்டிய இடத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகே மாட்டினாள். 4.95.

அவர் அடுத்ததைச் சொல்வதற்கு முன்பே, அவள் அயர்னை எடுத்து 16 கே-யின் காலைத் தூக்கியிருந்தாள். 6.6. மறுபடி உட்கார வைத்தாள். 2.2-ஐ நிமிர்த்தினாள். 3.46. மறுபடி உட்கார வைத்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் ஸ்டூலைவிட்டு எழவில்லை. மாட்யூலை டிபன் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்தவள் எதையோ தேடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்தக் கறுப்பு டயோடு ஷார்ட்டாயிட்டா, செல்லுலேர்ந்து காயில் வழியா கரண்ட் ஓடிக்கிட்டே இருக்குமே. அந்தப் பாதைய ஐ.சி. மூடாதுன்னீங்க."

"ஓடும்."

"அப்ப ஒரு ஃப்யூஸ் வேணும். அவுட்புட்ல போட்டுப் பிரயோஜனம் இல்ல. செல்லுக்குப் பக்கத்துலதானே வரணும்?"

"பிளஸ்லேர்ந்து ரெண்டு இஞ்சுக்குள்ள. வைஃபை பேசுற நேரத்துல கரண்ட் கொஞ்சம் ஏறும், அதனால ஒரு ஆம்பியர் போதாது." அவர் பின்சுவர் பக்கம் திரும்பினார். "தம்பி, ரெண்டு ஆம்பியர் ஃப்யூஸு. ரெண்டு எடு, ஹோல்டரோட."